ஒச்சம்மாள் கணக்கு

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா பரணிலிருந்து ஒரு பேரேட்டை இறக்கித் தந்தாள். அவளுடைய அப்பா, என் தாத்தா, உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். 1955, 56ஆம் வருடங்களின் கடன் கணக்கு. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. ரூபாய், அணா, பைசா என்று மூன்று பத்தி. தேதிக்கு ௳, வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, மேலே எழுதின பெயரே திரும்ப வந்தால் ௸. இந்தக் குறிகளை நான் யூனிகோட் அட்டவணையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஒரு மனுஷன் கல்லாவில் உட்கார்ந்து, எதிரே ஆள் நிற்க, அவசர அவசரமாக இவற்றை எழுதியிருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

நாற்பது பக்கம். போனில் படம் எடுத்து ஒரு பெரிய மொழி மாதிரியிடம் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் மொத்தமும் சுத்தமான அட்டவணையாக வந்துவிட்டது. பெயர், சரக்கு, தொகை, தேதி. ஒரு இடத்தில்கூடக் காலிக் கட்டம் இல்லை. பூச்சி அரித்த இடத்தில்கூட. அந்த நிமிடமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு லைக்குக்காகக் காத்திருந்தேன்.

லைக்குக்குப் பதிலாகப் பெரிய மாமாவின் போன் வந்தது. அவருக்கு இப்போது 84 வயது. அந்தக் கடையில் பொட்டலம் மடித்து வளர்ந்தவர்.

“மாப்ள, பிச்சம்மாள்னு ஒரு பேரு போட்டிருக்கியே, அது யாரு?”

“கணக்குல இருக்கு மாமா.”

“இருக்காதே. அந்தப் பக்கத்த போட்டோ புடிச்சு அனுப்பு.”

அனுப்பினேன். கண்ணாடி போட எடுத்துக்கொண்ட நேரம்தான். “இது ஒச்சம்மால்ல. பருத்தி எடுக்க வரும். நம்ம ஊர்ல பிச்சம்மான்னு யாரும் கிடையாது.”

பெரிதாக்கிப் பார்த்தேன். ஒ. சந்தேகத்துக்கு இடமே இல்லாத ஒ. மாதிரியிடம் திரும்பப் போய் ‘நிச்சயமா?’ என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பச்சையம்மாள் என்றது. இன்னொரு முறை கேட்டதும் இன்னொரு மன்னிப்பு, இந்த முறை இச்சம்மாள். ஒச்சம்மாள் கடைசி வரை வரவே இல்லை. ஒச்சாண்டம்மன் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது எங்கள் பக்கத்தில் சகஜம். மாதிரி படித்த தமிழில் அது சகஜம் இல்லை போலிருக்கிறது.

இதை ஒரு தமாஷாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இப்போது எங்கே திரும்பினாலும் ஒரு பேச்சு கேட்கிறது: பழைய கையெழுத்தை ஏஐ வாசித்துவிடுகிறது, இனி ஆவணக் காப்பகங்களுக்குத் தன்னார்வலர்கள் தேவையில்லை, அல்லது ஏஐ எழுதுவதைத் திருத்திக் கொடுக்க மட்டும் தேவை. நான் அந்தத் துறையிலேயே சம்பளம் வாங்குகிறவன். வேகத்தைப் பற்றிச் சொல்வதில் பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குள்ள சண்டை, அந்த ‘திருத்திக் கொடுக்க மட்டும்’ என்பதோடு.

தன்னார்வலர்கள் என்ன செய்தார்கள் என்று முதலில் பார்க்கலாம். 2010 செப்டம்பரில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ‘டிரான்ஸ்கிரைப் பெந்தாம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஜெரமி பெந்தாம் 1832இல் இறந்துபோன தத்துவவாதி. தன் எலும்புக்கூட்டுக்குச் சட்டை மாட்டி உட்கார வைக்கச் சொல்லிவிட்டுச் செத்தவர். இன்றும் அந்தக் கல்லூரியில் உட்கார்ந்துதான் இருக்கிறார். எழுதித் தள்ளியவர். அந்தக் கல்லூரியில் மட்டும் சுமார் 60,000 கையெழுத்துத் தாள்கள். வயதாக ஆகக் கையெழுத்து மோசமாகிக்கொண்டே போனது. இந்தத் தாள்களைப் படமெடுத்து இணையத்தில் வைத்து, யார் வேண்டுமானாலும் பார்த்துத் தட்டச்சு செய்யலாம் என்றார்கள். வந்தவர்களில் பலர் ஒன்றிரண்டு பக்கத்தோடு காணாமல் போனார்கள். பெரும்பகுதியைச் செய்து முடித்தது விடாப்பிடியான ஒரு சிறு கூட்டம். ஓப்பன் சோர்ஸில் புழங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்காது.

அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, தட்டச்சுப் பெட்டிக்கு மேலே இருந்த பொத்தான் வரிசை. அடித்த சொல்லுக்கு ஒன்று, இடையில் செருகிய சொல்லுக்கு ஒன்று, ஓரக் குறிப்புக்கு ஒன்று. கூடவே இன்னும் இரண்டு: ‘வாசிக்க முடியவில்லை’, ‘இந்த வாசிப்பு சந்தேகம்’. தன்னார்வலர் ஒரு சொல்லோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுத் தோற்றுப்போய் அந்தப் பொத்தானை அழுத்துவார். அந்த அழுத்தலும் ஒரு தகவல்தான். நாளைக்கு வருகிற ஆராய்ச்சியாளருக்கு, ‘இந்த இடத்தில் பொறுமையான ஒரு மனிதருக்கே புரியவில்லை, நீயே படத்தைப் போய்ப் பார்’ என்று அது சொல்கிறது. அந்தத் தன்னார்வலர்கள் கொடுத்துவிட்டுப் போனதில் உரை ஒரு பாதி. எங்கெங்கே நம்பக் கூடாது என்ற குறிப்பு இன்னொரு பாதி.

இப்படி ஆட்களைத் திரட்டுவது மெதுவான வேலை என்று ஒரு எண்ணம் இருக்கிறது. 2020 மார்ச் ஊரடங்கில் ரீடிங் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆய்வாளர் எட் ஹாக்கின்ஸ், பிரிட்டனின் பழைய மழை அளவுத் தாள்களைக் கணினியில் ஏற்ற உதவி கேட்டார். 16,000 பேர் வந்தார்கள். 16 நாளில் சுமார் 65,000 தாள்கள் முடிந்தன. வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஜனம், உண்மைதான். ஆனாலும் 16 நாள்.

இனி எந்திரத்துக்கு வருவோம். பெந்தாம் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பக்கங்கள், கையெழுத்து வாசிக்கும் நிரல்களைப் பயிற்றுவிக்கும் தரவாகவும் ஆயின. 2014இல் அந்தத் துறையின் சர்வதேச மாநாட்டில் நடந்த போட்டிக்கு அந்தப் பக்கங்கள்தான் களம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் இதே வழியில் வளர்ந்த டிரான்ஸ்கிரைபஸ் என்ற மென்பொருளை இன்று ஏகப்பட்ட காப்பகங்கள் பயன்படுத்துகின்றன. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று கொடுத்தார்கள், எந்திரத்துக்கும் பயன்பட்டது. ஆனால் அந்த எந்திரத்தின் வாசிப்புத் திறன் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் ‘இனி தன்னார்வலர் எதற்கு’ என்று கேட்பது, ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிற வேலை.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். அங்கே தனிநபர் விவரங்களை 72 வருடம் கழித்துத்தான் திறப்பார்கள். 1940இன் தாள்கள் 2012 ஏப்ரலில் திறந்தன. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் உட்கார்ந்து, சுமார் 13 கோடிப் பெயர்களுக்கான அகரவரிசையை ஐந்து மாதத்துக்குள் தட்டச்சு செய்து முடித்தார்கள். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் அடித்ததை மற்றவர் பார்க்காமல் அடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் மூன்றாவது ஆள் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். 1950இன் தாள்கள் 2022 ஏப்ரலில் திறந்தபோது, முதல் நாளே எந்திரம் தயாரித்த பெயர்ப் பட்டியல் தயார். தன்னார்வலர்கள் இந்த முறையும் வந்தார்கள், எந்திரம் வாசித்ததைச் சரிபார்க்க.

முதல் நாளே தேட முடிந்தது என்பது சாதாரண விஷயம் இல்லை. தாத்தாவின் பெயரைத் தேடுகிற ஒரு கிழவிக்கு ஐந்து மாதம் என்பது நீண்ட காலம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இந்தப் பத்து வருடத்தில் தன்னார்வலரின் வேலை என்னவாக மாறிவிட்டது என்று கவனியுங்கள். முன்பு அவர் முன்னால் ஒரு படமும் காலிக் கட்டமும் இருந்தன. இப்போது படமும் பதிலும் இருக்கின்றன. ‘இது என்ன?’ என்ற கேள்வி ‘இது சரிதானே?’ என்று ஆகிவிட்டது.

இந்த இரண்டு கேள்விக்கும் உள்ள தூரம் என்னைப் போன்றவர்களுக்கு உடம்பிலேயே தெரியும். ஆபீஸில் இப்போது பாதி கோடை ஏஐதான் எழுதுகிறது. நாங்கள் ரிவ்யூ செய்கிறோம். நானே எழுதினால் நாற்பதாவது வரியில் எனக்கு ஒரு சந்தேகம் வரும், எழுந்து போய் ஒரு டீ குடிப்பேன், திரும்பி வந்து மாற்றுவேன். ரிவ்யூவில் அந்த நாற்பதாவது வரி அழகாக, இடம்விட்டு, கமென்ட்டோடு உட்கார்ந்திருக்கும். கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். ‘லுக்ஸ் குட்’ என்று போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போவோம். பிச்சம்மாள் என்று தட்டச்சில் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்தபோது எனக்குப் பிச்சம்மாள் என்றே தெரிந்தது. மாமா படத்தை மட்டும் பார்த்தார்.

இந்தத் துறையில் வெற்றியை அளக்கிற அளவுகோலிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. எழுத்துப் பிழை விகிதம் என்பார்கள். நூறு எழுத்தில் எத்தனை தப்பு என்பது. தாத்தா ‘வாங்கினது’ என்று எழுதியிருந்ததை எந்திரம் ‘வாங்கியது’ என்று போட்டால் ஒரெழுத்துப் பிழை. ஒச்சம்மாளைப் பிச்சம்மாள் என்று போட்டாலும் ஒரெழுத்துப் பிழை. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான். நூற்றுக்கு மூன்றுதான் பிழை என்று ஒரு நிறுவனம் மார்தட்டும்போது, அந்த மூன்று எங்கே விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. அது எல்லா இடத்திலும் சமமாக விழாது. அடிக்கடி வருகிற சொல்லை எந்திரம் கண்ணை மூடிக்கொண்டு சரியாக வாசிக்கும். அரிதான பெயர், வட்டாரச் சொல், எழுத்துக்கூட்டத் தெரியாதவர் எழுதின எழுத்து, பூச்சி தின்ற எண் என்று, எதற்காக ஆவணத்தைத் தேடிப் போகிறோமோ அங்கேதான் போய் விழும்.

2013இல் நடந்த ஒரு சம்பவம் எங்கள் தொழிலில் பிரபலம். டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணினியியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேனர்கள் எண்களை மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேன் செய்த பிரதியில் மூன்றுமே 14.13. கோப்பைச் சுருக்குவதற்காக, ஒரே மாதிரி தெரிகிற துண்டுகளை ஒருமுறை மட்டும் சேமித்துவிட்டுத் திரும்பத் திரும்ப ஒட்டுகிற ஒரு முறை. இரண்டு துண்டு ‘கிட்டத்தட்ட ஒரே மாதிரி’ தெரிந்தால், ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்துவிடும். மங்கலாக வந்திருந்தால் யாராவது மூலத்தைப் போய்ப் பார்த்திருப்பார்கள். அச்சுப்போலத் தெளிவாக வந்ததால் யாருக்கும் தோன்றவில்லை. இந்தக் கோளாறு மொழி மாதிரிகளுக்குப் பல வருடம் முந்தியது, அதன் பொறிமுறையும் வேறு. ஆனால் பிச்சம்மாளைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த 14.13தான்.

பழைய எழுத்துணரிக்கு, அதாவது ஓசிஆருக்கு, ஒரு நல்ல குணம் இருந்தது. தப்பு செய்தால் அசிங்கமாகச் செய்யும். தமிழ் விக்கிமூலத்தில் சில மாதம் மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். ‘எ’ வர வேண்டிய இடத்தில் ஏழைக் குறிக்கும் ௭ வந்து நிற்கும், ‘உ’வுக்கு ௨, ‘க’வுக்கு ௧. பக்கத்தைப் பார்த்ததுமே எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இப்போது அந்த அசிங்கத்தை மொழி மாதிரியிடம் கொடுத்து ‘சுத்தம் செய்’ என்கிறோம். அது சுத்தம் செய்கிறது. தப்பு தப்பாகவே இருக்கிறது, குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு.

விக்கிமூலத்தில் இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறம். சிவப்பு என்றால் இன்னும் யாரும் மெய்ப்புப் பார்க்கவில்லை. ஒருவர் படத்தோடு ஒப்பிட்டு முடித்தால் மஞ்சள். பச்சை ஆக வேண்டும் என்றால் வேறொருவர் வந்து மறுபடி பார்க்க வேண்டும். மஞ்சளாக்கிய ஆளே பச்சையாக்க முடியாது. எளிமையான விதி. மஞ்சளைப் பார்க்கிறவனுக்கு ஒருவர்தான் பார்த்திருக்கிறார் என்று தெரியும். எந்திரம் கொடுத்த என் நாற்பது பக்க அட்டவணைக்கு நிறமே இல்லை. அத்தனை கட்டமும் ஒரே நம்பிக்கையோடு மின்னியது.

இந்த விஷயத்தில் எங்கள் சொத்துத் தகராறைவிடப் பெரிய காரியங்கள் இருக்கின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக ‘ஃப்ரீட்மென்ஸ் பியூரோ’ என்ற அரசு அலுவலகம் நடந்தது. ரேஷன், கூலி ஒப்பந்தம், திருமணப் பதிவு என்று அது விட்டுப்போன தாள்களை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் தன்னார்வலர்களைக் கொண்டு எழுத்தாக்குகிறது. அடிமையாக இருந்தவர்கள் எல்லோரும் பெயரோடு இடம்பெற்ற முதல் கணக்கெடுப்பு 1870இல்தான் நடந்தது. அதற்கு முன்பு தங்கள் முன்னோரின் பெயரைத் தேடுகிறவர்களுக்கு இந்தத் தாள்கள் எவ்வளவு முக்கியம் என்று யோசியுங்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதின பெயர்கள். ஒரே ஆள் மூன்று தாளில் மூன்று விதமாக இருப்பார். அந்தத் தாறுமாறுதான் ஆதாரம். வழக்கமான பெயரை நோக்கிச் சாய்கிற எந்திரம் அங்கே ‘திருத்தினால்’, ஒரு குடும்பத்தின் கிளை அந்த இடத்தோடு முறிந்துவிடும். முறிந்தது யாருக்கும் தெரியவும் தெரியாது.

நமக்கும் இந்த விவகாரம் தெரியாததல்ல. புறநானூறு என்கிறோம், 400 பாட்டு என்கிறோம். 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் வரிகள் சிதைந்திருக்கின்றன. பதிப்பில் அந்த இடங்களில் புள்ளி வைத்திருக்கிறார்கள். புள்ளியும் இல்லாமல், ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வித்தியாசம் இல்லாமல், ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கிற ஓலைகளிலிருந்து உ.வே.சாமிநாதையர் 1894இல் அதைப் பதிப்பித்தார். சங்கத் தமிழ் அவ்வளவு உள்ளே போனவருக்கு ஒரு சீரை நிரப்பத் தெரியாதா? அந்த இரண்டு எண்களும் காலியாகவே இருக்கின்றன. இன்றைய மாதிரி ஒன்றிடம் அந்த ஓலைகளைக் கொடுத்து ‘முழுமையாக்கு’ என்றால் 267ஆம் பாட்டு வந்துவிடும். துறை, திணை எல்லாம் போட்டு வரும்.

அப்படியென்றால் எந்திரமே வேண்டாமா? அப்படிச் சொல்கிற உரிமை எனக்கு இல்லை. காப்பகங்களில் இருக்கிற தாள்களுக்கு எத்தனை தன்னார்வலர் வந்தாலும் போதாது. வாசிக்கத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம், கர்சிவ் என்கிற சேர்த்தெழுதும் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் உதவிக்கு வேண்டும் என்று கேட்டது செய்தியாகும் அளவுக்கு நிலைமை வந்துவிட்டது. ஆனால் எந்திரத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் தேர்வு இருக்கிறது. அதே பெந்தாம் தாள்களுக்கு ஸ்பெயினின் வலென்சியா ஆய்வுக் குழு இன்னொரு காரியம் செய்தது. சுமார் 90,000 படங்களையும் எந்திரம் வாசித்தது, ஆனால் ‘இதுதான் உரை’ என்று ஒன்றை எழுதி நீட்டவில்லை. ஒரு சொல்லைத் தேடினால், அது இருக்க வாய்ப்புள்ள இடங்களை, எவ்வளவு வாய்ப்பு என்ற மதிப்போடு காட்டும். படத்தைத் திறந்து வாசிக்க வேண்டியது நாம்தான். ஒரே துறை, கிட்டத்தட்ட ஒரே நுட்பம். ஒன்று வாசகரை ஆவணத்திடம் கூட்டிக்கொண்டு போகிறது, மற்றது ஆவணத்தின் இடத்தில் தானே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டாவதுதான் விற்பதற்குச் சுலபம். டெமோவில் வாய்ப்பு மதிப்பைப் பார்த்து யாரும் கைதட்டுவதில்லை.

பேரேட்டுக்குத் திரும்புகிறேன். அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் மாமாவோடு வீடியோ காலில் உட்கார்ந்து நானே தட்டச்சு செய்தேன். இரண்டு மாதம் ஆனது. முதல் வாரம் அவர் வாசித்தார், நான் அடித்தேன். ஐந்தாம் வாரத்தில் நான் வாசித்தேன், அவர் “ம்” கொட்டினார். தாத்தாவின் ‘ள’ எங்கே திரும்பும், அவசரத்தில் அணாவை எப்படி இழுத்துவிடுவார் என்பதெல்லாம் பழகிவிட்டது. எந்திரம் கட்டம் கட்டமாக நிரப்பியிருந்த பூச்சி அரித்த இடங்கள் இப்போது [சிதைவு] என்று இருக்கின்றன. பதினேழு இடத்தில் [?].

ஒச்சம்மாள் பெயர் மொத்தம் ஆறு இடத்தில் வருகிறது. இரண்டு இடத்தில் பெயராக, நான்கு இடத்தில் ௸ ஆக. கருப்பட்டி, மண்ணெண்ணெய், மறுபடி கருப்பட்டி. கடைசி வரியில் இரண்டு ரூபாய் பாக்கி. அதற்குப் பக்கத்தில் வேறு மையில் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறது. மாமா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

“இது அப்பா கை இல்ல மாப்ள. என் கை மாதிரி இருக்கு.”

“என்ன எழுதிருக்கீங்க மாமா?”

“கட்டிருச்சுன்னு எழுதுனேனா, கழிச்சாச்சுன்னு எழுதுனேனா... தெரியலடா. பதிநாலு வயசுல எழுதுனது.” கொஞ்ச நேரம் கழித்து, “நீ ஒண்ணும் போடாத. அப்படியே விடு” என்றார்.

[ஒரு சொல், வேறு கை, தெளிவாக இல்லை] என்று அடித்து, அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.